ஒழுக்கமும் உடைமையும்: கண்டிப் பிரதேச விவாக வழமை பற்றிய பிணக்கு குறித்து ஒரு நோக்கு

கண்டி நகரின் வடகிழக்கே, வத்தேகமத்தைக் கடந்து நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறிச்செல்லும் பாதையில் அமைந்துள்ளது பன்வில. வயலும் வீட்டுத்தோட்டமும் கொண்ட சிங்களக் கிராமங்களும், முன்னர் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடப்பட்ட பெருந்தோட்டங்களும் அருகருகே கிடக்கும் பிரதேசம் இது. கிராமத்தவர் சிங்களம் பேசும் பௌத்தர். லயங்களில் வாழ்வோர் பெரும்பாலும் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட உழைப்பாளரின் வழித்தோன்றல்கள். மொழியாலும் சமயத்தாலும் தொழிலாலும் வேறுபட்ட இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒத்த கருத்துடையோர்: தத்தம் குடும்ப ஒழுக்கம் தொன்றுதொட்டு வருவது, மூதாதையர் வகுத்தது, இடையில் வந்த நாகரிகமே அதனைக் கெடுத்தது என்பதே அக்கருத்தாகும். பெண்ணின் உடை, நடமாட்டம், மணவினை ஆகியன பற்றிப் பொதுவிடத்தில் எழும் பிணக்குகள் யாவற்றிலும் இறுதி வாதமாக இதுவே முன்வைக்கப்படுகின்றது. இவ்வாதம் வரலாற்றின் முன் எவ்வளவு நிலைபெறும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1660இல் கண்டி மன்னனால் சிறைப்படுத்தப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் இம்மலைநாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், தாயகம் திரும்பியபின் 1681இல் வெளியிட்ட நூலில் கண்டியரின் மணவாழ்க்கையை விரித்துரைக்கின்றார். உடன்பிறந்த ஆடவர் இருவர் ஒருத்தியை மணந்து ஒரு மனையில் வாழ்வதும், பிறந்த மக்கள் அவ்விருவரையும் தந்தையர் என்றே அழைப்பதும், மனம் ஒவ்வாதபோது ஆணும் பெண்ணும் எளிதிற் பிரிந்து வேறு துணை தேடுவதும் அங்கு வியப்புக்குரியனவாகக் கருதப்படவில்லை. நொக்ஸ் தீவிர கிறித்தவ நம்பிக்கையுடையவர்; இவற்றை அருவருப்புடனேயே எழுதுகின்றார். ஆயினும் கண்டதைக் கண்டவாறு பதிவுசெய்யும் பண்பு அவரிடத்து இருந்தமையால், பிற்காலத்துச் சுதேச அறிஞர் சிலர் மூடிமறைக்க விரும்பியவற்றை இன்று நாம் அவர்வழியே அறிகின்றோம்.

பலகணவர் மணமுறையைக் கண்டியர் ‘ஒரே வீட்டில் உண்ணல்’ என்ற பொருள்படும் தொடராற் குறித்தனர். இத்தொடர் பாலுறவைச் சுட்டாது உலையையும் உணவையும் சுட்டுவது விதந்து கூறத்தக்கது. மலைச்சரிவில் வெட்டப்பட்ட சிறுசிறு வயற்றுண்டங்களே கண்டிக் குடியானவனின் சொத்து. அவற்றை ஒவ்வொரு தலைமுறையிலும் உடன்பிறந்தாரிடையே பங்கிட்டால் எவருக்கும் வயிறு நிரம்பாது. மன்னனுக்கும் பிரதானிக்கும் ஆற்றவேண்டிய இராசகாரியமும் நிலத்தையே பற்றிநின்றது. ஒருவன் ஊழியத்துக்குச் செல்ல மற்றவன் வயலைப் பார்க்கவேண்டிய நிலையில், பிரியாத வயலும் பிரியாத மனையும் ஒன்றையொன்று வேண்டிநின்றன.

‘தீக’, ‘பின்ன’ என்னும் இருவகை விவாகங்களும் இவ்வாறே நோக்கத்தக்கன. தீக முறையிற் கணவன் வீடு செல்லும் பெண் தந்தையின் நிலத்தில் உரிமையை இழந்தாள். பின்ன முறையில் கணவனைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டவள் அவ்வுரிமையைக் காத்துக்கொண்டாள். பின்ன முறையிற் புகுந்த கணவன் கைத்தடி, தாளிப்பனையோலை, சூள் ஆகிய மூன்றையும் எந்நேரமும் கதவருகே ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும் என்பர் பழைய கண்டியர். வெயிலோ மழையோ இரவோ, ‘போ’ என்றால் அவன் போயாகவேண்டும். இன்றைய கண்டிக் கிராமத்தின் மணமேடையில் ஓதப்படும் குலமகள் இலக்கணத்துக்கும் இக்கணவனின் நிலைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை வாசகரே அளந்துகொள்ளலாம்.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியரின் கைப்பட்டது. ஒப்பந்தத்தில் நாட்டு வழமைகளைக் காப்பதாக வாக்களித்த ஆட்சியினர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விவாக வழமையில் பெரிதும் தலையிடவில்லை. தேசாதிபதி சேர் ஹென்றி வோட் காலத்தில், 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பலகணவர் மணத்தையும் பலமனைவியர் மணத்தையும் தடைசெய்தது. பதிவுசெய்யப்படாத விவாகம் செல்லுபடியாகாது எனவும் விதித்தது. இச்சட்டத்தைப் பாதிரிமாரின் வேலை என்று கூறி முடித்துவிடுவோர் உளர். மிசனரிமாரின் கண்டனம் உண்மையே. ஆனால் சட்டத்துக்கு முன்னோடியாக அரசிடம் மனுச்செய்தோர் கண்டிப் பிரதானிகளும் தலைமைக்காரருமே என்பது மறக்கற்பாலதன்று. தம் பாட்டன்மார் வெட்கமின்றிப் பின்பற்றிய வழமையை இவர்கள் இழிவெனக் கண்டது எவ்வாறு?

விடையைப் பண்பாட்டில் மட்டும் தேடுதல் பயன்தராது. 1820களிற் கம்பளைப் பகுதியிலே தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை 1840களில் மலைநாடெங்கும் பரவியது. தும்பறையும் பன்வில சூழ்ந்த மலைகளும் அதற்கு விலக்காகவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கித் துரைமாருக்கு விற்க வழிசெய்தது. நிலம் விலைப்பொருளாயிற்று. விலைப்பொருளுக்கு உரிமையாளன் யார் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தாக வேண்டும்; உரிமையாளனைத் தெளியத் தந்தை யார் என்பது தெரிந்தாக வேண்டும். இரு தந்தையரின் மகனிடமிருந்து நிலம் வாங்குவோன் எத்தனை வழக்குகளை உடன் வாங்குகின்றான் என்பது அக்காலப் புறக்டர்மாருக்கு நன்கு தெரியும். 1859இல் உடன்பிறந்தாரின் பொதுமனையை ஒழித்த அரசு, 1863ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் அவர்களின் பொதுவயலைப் பிரிவினை செய்வதற்கும் வழிவகுத்தது. நான்கு ஆண்டு இடைவெளியில் வந்த இவ்விரு சட்டங்களையும் வேறுவேறு அத்தியாயங்களில் வைத்துப் பேசுவது நமது சட்ட வரலாற்றாசிரியரின் வழக்கம். அவை ஒரே நாணயத்துக்காக அச்சிடப்பட்டவை என்பதே எமது துணிபு. பிரதானிகளைப் பொறுத்தவரை, அவர்கள் நிலமானிய ஊழியத்தைப் பெறும் நிலையிலிருந்து நிலத்தை விற்கவும் குத்தகைக்கு விடவும் அரச உத்தியோகம் பெறவும் வல்ல வர்க்கமாக மாறிக்கொண்டிருந்தனர். துரையின் மேசையில் அமர விரும்புவோன் துரையின் குடும்ப இலக்கணத்தையும் ஏற்கவேண்டியிருந்தது.

தமிழிலக்கிய மாணவனுக்கு இதில் வியப்பில்லை. மணச்சடங்காகிய கரணம் தொடக்கமுதல் இருந்ததன்று, பொய்யும் தவறும் தலைகாட்டியபின் பெரியோர் வகுத்தது என்று தொல்காப்பியக் கற்பியலே கூறுகின்றது. மேலோருக்கு வகுத்த கரணம் கீழோருக்கும் உரியதாகிய காலம் உண்டு எனவும் அந்நூல் குறிக்கின்றது. மேலோர் கரணம் கீழோர்மீது இறங்கும் அக்காலத்தைக் கண்டியில் ஆண்டும் இலக்கமும் சொல்லிக் காட்டமுடிகின்றது என்பதே வேறுபாடு.

கீழோர் என்ன செய்தனர்? அவர்கள் மனு எழுதவில்லை, பதிவாளரிடம் போகவுமில்லை. வழமைப்படி மணந்து வழமைப்படி பிரிந்து மீண்டும் மணந்தனர். சட்டத்தின் கண்ணுக்கு இவர்களுடைய மணம் மணமன்று. பிறந்த குழந்தைகள் முறைகெட்டுப் பிறந்தோர். பதிவுசெய்து மணந்தவனும், பழைய முறையிற் பிரிந்து வேறொருத்தியைக் கூடியபோது குற்றவாளியானான். ஒழுக்கத்தை நிலைநாட்ட வந்த சட்டம் பத்தாண்டுக்குள் ஒரு நாட்டுப்புறத்தின் பெரும்பகுதியைச் சட்டவிரோதக் குடும்பங்களாக்கியமை அரசுக்கே சங்கடத்தை விளைத்தது. 1870ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மணநீக்கத்துக்குப் பரந்த இடமளித்தது. இருவரும் மனமொத்துப் பிரிதலும் அதில் அடங்கும். அது தேசாதிபதியின் தாராளம் போலப் பாடநூல்களில் இடம்பெறும். குடியானவரின் பிடிவாதமே அதனைப் பெற்றுத்தந்தது என்று கொள்வதே பொருந்தும்.

உடை பற்றிய பிணக்கும் இதனோடு சேர்த்து நோக்கற்பாலது. கண்டி இராச்சியத்தில் ஆடையின் நீளமும் அணியும் விதமும் சாதிக்கேற்ப வரையறுக்கப்பட்டிருந்தன. யாவருக்கும் கீழாக வைக்கப்பட்ட றொடியர் சமூகத்துப் பெண்கள் இடுப்புக்கு மேல் மறைத்தல் ஆகாது என்பது விதி. பெண்ணுடலை மறைப்பதே ஒழுக்கம் என்று இன்று முழங்கும் மரபு, அன்று ஒருசாராருக்கு மறையாமையை ஒழுக்கமாக விதித்தது. மறைத்தால் அதுவே ஒழுங்கீனம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கொழும்பு, கண்டிப் புகைப்பட நிலையத்தார் இப்பெண்களைப் படம்பிடித்து, அஞ்சலட்டைகளாகக் கப்பற் பயணிகளுக்கு விற்றனர். சாதி விதித்த அவமானத்தை வணிகம் காசாக்கியது. ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் 1927இல் நிறைவேறியது என்பதை இவ்விடத்திற் குறிப்பிட்டு அப்பாற் செல்வோம்.

கடல் கடந்த தமிழ்ப்பரப்பில் இதே 1859 மற்றோர் ஆணையைக் கண்டது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிதல் பற்றி 1820களிலே தொடங்கிய கலகம், இடையில் 1829ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அடக்கப்பட்டு, 1858இன் இறுதியில் மீண்டும் மூண்டது. விக்டோரியா அரசியாரின் 1858ஆம் ஆண்டுப் பிரகடனம் சமய வழமைகளில் தலையிடோம் என்று கூறியதை ஒருசாரார் தமக்குச் சாதகமாகக் கொண்டனர். யாவர்க்கும் சம பாதுகாப்பு என்று கூறியதை மறுசாரார் பற்றிக்கொண்டனர். சந்தைகளிற் பெண்களின் குப்பாயங்கள் கிழிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் திரெவெலியனின் அழுத்தத்தின் பின், 1859 யூலை 26இல் மன்னர் உத்திரம் திருநாள் விடுத்த ஆணை அப்பெண்கள் மார்பை மறைக்கலாம் என்றது; ஆயின் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அன்று என்றும் சேர்த்துரைத்தது. மறைத்தலும் மறையாமையும் சண்டையின் பொருளல்ல, யார் யாரைப்போலத் தோன்றலாம் என்பதே பொருள் என்பதை அவ்வாணையின் பிற்பகுதி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகின்றது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் மேலாடை பற்றி நிலவிய தடைகளை அறிந்தோருக்கு இதனை மேலும் விளக்கவேண்டியதில்லை.

இனி லயத்துக்கு வருவோம். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் பன்வில, மடுல்கலைத் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பரா. பெற்றோர், வயதுவந்த பிள்ளைகள், மணமான மகன், மருமகள் யாவரும் அதனுள்ளேயே. பக்கத்துக் காம்பராவை மறைத்தது கூரையை எட்டாத ஒரு சுவராகவும் இருக்கலாம். லயத்தாருக்கு வெட்கம் தெரியாது என்று நகரத்து வணிகரும் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தரும் இகழ்ந்துரைத்தபோது, வெட்கத்துக்கு ஒரு கதவு தேவை என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை. தோட்டத்தின் உள்ளேயோ ஒழுக்கத்தின் காவலராக அமைந்தவர் பெரிய கங்காணியார். பெண்ணின் உழைப்பே தோட்டத்தின் உயிர். அவளது கூலியோ பெரும்பாலும் கணவன் அல்லது தகப்பன் கைக்கே சென்றது. தோட்டத்தொழிலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984இலேயே கிடைத்தது. பெண் அடக்கமாயிருத்தல் வேண்டும் என்ற உபதேசத்துக்கும் அவள் தன் கூலியைத் தானே எண்ணி வாங்காமைக்கும் உள்ள தொடர்பு தற்செயலானதன்று.

இம்மக்களின் பாடல்களுக்கும் இந்நிலையே நேர்ந்தது. கும்மியிலும் ஒப்பாரியிலும் காமன் கூத்தின் இடைவெளிகளிலும் துரையையும் கங்காணியையும் எள்ளும் சொற்கள் பல. அவற்றுள் உடலைப் பற்றிய பச்சைச் சொற்களும் கலந்துவரும். நாட்டார் பாடல்களைத் தொகுத்தோர் பலர் இவற்றை நாகரிகம் கருதி விலக்கினர். சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டு மக்களின் பாடல்களை அச்சேற்றியிராவிடின் எஞ்சியவையும் அழிந்திருக்கும் என்பதை நன்றியுடன் கூறவேண்டும். ஆயினும் அவையல்கிளவியை மறைத்துக் கூறுக என்ற இலக்கண விதி, ‘அவை’ என்பது யாருடைய அவை என்ற வினாவை எழுப்பாமலே கையாளப்பட்டு வந்துள்ளது. கொழுந்து மலையில் பெண்கள் தம்முள் பாடியது அவர்களுடைய அவையில் இயல்பான சொல்லே. 1960களில் ஈழத்துப் படைப்பாளிகள் ஒடுக்கப்பட்டோரின் பேச்சை எழுத்திற் கொணர்ந்தபோது ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சினந்ததும் இவ்வவை பற்றிய பிணக்கேயன்றி மொழித்தூய்மை பற்றியதன்று.

சட்டமோ கிராமத்தையும் லயத்தையும் வெவ்வேறு ஏடுகளில் எழுதிற்று. கண்டியச் சிங்களவருக்கு 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம். தோட்டத்துத் தமிழருக்கு 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். முன்னதில் ஒரு பிரிவு கூர்ந்து நோக்கத்தக்கது. மனைவியின் பிறர்மனைச் சேர்க்கை ஒன்றே அவளை விலக்கப் போதுமான காரணம். கணவனின் சேர்க்கையோ தகாவுறவோடு அல்லது கொடுமையோடு கூடியிருந்தாலே காரணமாகும். கைத்தடியும் சூளும் ஏந்தி வாசலில் நின்ற பின்னக் கணவனின் நாட்டில் இவ்வேறுபாடு விளைந்திருக்க இயலாது. இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1857இல் இயற்றிய மணநீக்கச் சட்டத்தில் இதே ஓரவஞ்சனை ஏறத்தாழ இதே சொற்களிற் காணப்படுகின்றது. இங்கிலாந்து அதனை 1923இல் நீக்கிவிட்டது. கண்டியில் அது சுதந்திரத்தின் பின்னரும் தேசிய மரபு என்ற பெயரில் புதிய சட்டத்துட் புகுந்தது.

லயத்து மணத்தின் கதை வேறு. சாமி முன் தாலி கட்டிப் பந்தலில் பந்தி வைத்து நிறைவேறிய மணத்தைத் தோட்டம் முழுவதும் அறியும். பதிவேடு மட்டும் அறியாது. வழமைப்படியான மணத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அதனை மெய்ப்பிக்கும் சுமை மணந்தோருடையது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அதனை மீளக் கோரியபோது, 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன் மணமானவருக்கு ஏழாண்டு, மணமாகாதவருக்குப் பத்தாண்டு தொடர்ச்சியான வதிவு வேண்டும் என விதிக்கப்பட்டது. மனைவியையும் பராயமடையாத பிள்ளைகளையும் தன்னோடு சேர்த்துப் பதியக் கோரியவன், அவள் தன் மனைவி என்பதை முதலிற் காட்டவேண்டியிருந்தது. அவ்வேளை தோட்டத்து அலுவலகத்தின் பேரேட்டில் இருந்த பெயரும், பிறப்புச் சான்றிதழில் எழுதுவினைஞர் தமக்குத் தோன்றியவாறு எழுதிய பெயரும், கங்காணியின் பற்றுச்சீட்டுமே அவனிடம் இருந்தவை.