வாந்திபேதியின் வழி அறிந்த வரலாறு

தாதியர் பயிற்சி பெறும் மாணவியர் ஒவ்வொரு நோயையும் நான்கு பகுதிகளாகப் படிக்கின்றனர். நோயின் காரணம், அது உடலில் செயற்படும் முறை, அதன் அடையாளங்கள், அதற்குரிய சிகிச்சை என்பவை அவை. இவற்றுள் இரண்டாம் பகுதியைக் கடினம் என ஒதுக்கிவிட்டு, சிகிச்சையை மட்டும் மனப்பாடம் செய்வோர் உண்டு. அவ்வாறு ஒதுக்குவதால் நேரும் இழப்பு எத்தகையது என்பதை, வாந்திபேதி என நாம் வழங்கும் காலராவின் வரலாறு காட்டுகிறது. அவ்வரலாற்றின் பெரும்பகுதி, இன்று கொல்கத்தா எனப் பெயர் பெற்றுள்ள கல்கத்தா நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நிகழ்ந்ததாகும்.

இந்நோய் குடிநீரின் வழியே பரவுகிறது என்பதை 1854-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து ஆராய்ந்து, காற்புள்ளி போல் வளைந்த ஒரு கிருமியே நோய்க்குக் காரணம் என 1884-இல் அறிவித்தார். காரணம் தெரிந்துவிட்டது. எனினும் நோயாளிகள் மாண்டுகொண்டே இருந்தனர். காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் கண்கள் குழிந்து, தோல் சுருங்கி, நாடி அடங்கிப் போவது ஏன் என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுவதே ஆபத்து என்பதை இங்கிலாந்தில் ஓஷானசி என்ற இளம் மருத்துவர் 1831-32-இல் கண்டிருந்தார். அதைக் கேள்வியுற்ற தாமஸ் லாட்டா 1832-இல் நோயாளிகளின் இரத்தக் குழாயில் உப்புநீரைச் செலுத்திச் சிலரைப் பிழைக்க வைத்தார். ஆனால் அம்முறை விரைவில் மறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்ட் ராஜர்ஸ் கல்கத்தாவில் அதற்குப் புத்துயிர் அளித்து, மரணங்களைப் பெரிதும் குறைத்தார். ஆயினும் கிருமி குடலின் உட்சுவரையே சிதைத்துவிடுகிறது என்று மருத்துவர் பலர் நம்பி வந்தனர். சிதைந்த குடல் நீரை எவ்வாறு உறிஞ்சும்? ஆகவே வாய்வழியே நீர் கொடுப்பது பயனற்றது என்ற கருத்து வேரூன்றியிருந்தது.

இந்த நம்பிக்கையை அசைத்தவர்களுள் முதன்மையானவர் கல்கத்தா மருத்துவ அறிஞர் சம்பு நாத் டே. அவர் முயலின் குடலில் ஒரு சிறு பகுதியை இருபுறமும் கட்டி, அதனுள் கிருமிகளைச் செலுத்தினார். அப்பகுதி நீர் நிறைந்து பருத்தது. இம்முறையை அவர் 1953-இல் வெளியிட்டார். பின்னர் கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, அவை வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் நீரால் நிறைந்தது. கிருமி வெளியிடும் ஒரு நஞ்சே நோயை விளைவிக்கிறது என்பது 1959-இல் இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. அடுத்த ஆண்டு பாங்காக் நகர நோயாளிகளிடம் செய்த ஆய்வு ஒன்று, குடலின் உட்சுவர் சிதையாமல் இருப்பதை உறுதிப்படுத்தியது.

நோயின் வழி புலப்பட்டது. நஞ்சானது குடற்சுவரை அழிப்பதில்லை. உப்பையும் நீரையும் ஓயாமல் வெளியே கொட்டும்படி அதைத் தூண்டுகிறது. கடும் நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் நீர் இழக்கப்படலாம். ஆனால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் அவற்றை உட்கொள்ளும் மற்றொரு வாயில் அச்சுவரில் கெடாமல் இருக்கிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்கிறது. இந்த அறிவின் துணையால் 1968-இல் டாக்கா நகரில், சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் காலரா நோயாளிகளைக் காக்கலாம் எனக் காட்டினர். இத்தகைய சிகிச்சையில் தாதியரின் பங்கு பெரிது. நடுவில் துளையிட்ட கட்டிலின் கீழ் வாளி வைத்து, வெளியேறும் நீரை அளந்து குறித்தால்தான், எவ்வளவு நீர் ஈடுசெய்ய வேண்டும் என்பது தெரியும்.

1971-இல் பெருஞ்சோதனை வந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் பெருந்திரளாக வந்து சேர்ந்த பன்காவ் என்னும் எல்லை ஊரில் காலரா பரவியது. நோயாளிகள் தரையில் கிடந்தனர். இரத்தக் குழாயில் செலுத்தும் நீரின் கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலானபிஸ், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் பொட்டலங்கள் தயாரிக்கச் செய்தார். குழாய் பொருத்திய பீப்பாய்களில் அவற்றைக் கரைத்து வைத்தனர். தாயும் தமக்கையும் குவளையில் பிடித்து நோயாளிக்குப் புகட்டினர். முப்பது சதவீதம் வரை சென்றிருந்த மரணம் 3.6 சதவீதமாகக் குறைந்தது.

இன்று எங்கும் கிடைக்கும் உப்பு–சர்க்கரைப் பொட்டலம் அந்த அனுபவத்தின் பயனே. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் அதன் அளவுகளைத் திருத்தியமைத்தது. பொட்டலத்தில் குறித்த அளவு சுத்தமான நீரிலேயே அதைக் கரைக்க வேண்டும். நீர் குறைந்தால் உப்பு மிகுந்து தீங்காகும். நாடி தளர்ந்து மயங்கியவருக்கு இரத்தக் குழாயில் நீர் செலுத்துவதே முறை. அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். கிருமியைக் கொல்லும் மருந்து நோயின் நாட்களைக் குறைக்கும். ஆனால் இழந்த நீருக்கு அது ஈடாகாது.

பேதி கண்டவருக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி மிகும் என்று எண்ணும் வீடுகள் இன்னும் உள்ளன. தமிழகத்திலாயினும் தொலைதூர மாநிலத்திலாயினும் பணிபுரியும் தாதி, அவ்வெண்ணம் தவறு என்று கூறினால் மட்டும் போதாது. குடல் சிதையவில்லை, கொடுத்த நீரை ஏற்கும் வாயில் திறந்தே இருக்கிறது என்று எடுத்துச் சொல்லவும் வேண்டும். காரணம் புரிந்த தாய், குழந்தை வாந்தி எடுத்தாலும் சிறிது பொறுத்து, மறுபடியும் ஒவ்வொரு கரண்டியாகப் புகட்டுவாள். அப்படி விளக்கிச் சொல்லும் ஆற்றல், பாடத்தின் இரண்டாம் பகுதியைக் கருத்தூன்றிப் படித்த மாணவிக்கே வாய்க்கும்.