கசப்பு நீர்ச் சோதனை

கசப்பு நீர்ச் சோதனை எபிரேய வேதத்தின் எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தில் (11–31) விதிக்கப்பட்ட சடங்கு. மனைவி சோரம் போனாள் என்ற எரிச்சல் கணவனைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அவள் பிடிபடவில்லை, சாட்சியும் இல்லை. இந்த நிலைக்கு மட்டுமே உரியது இது. கணவன் அவளை ஆசாரியனிடம் அழைத்துவந்து, எண்ணெயும் தூபவர்க்கமும் சேராத வாற்கோதுமை மாவை, ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு, காணிக்கையாகத் தருவான். ஆசாரியன் மண்பாத்திரத்தில் பரிசுத்த நீர் எடுத்து, வாசஸ்தலத் தரையின் புழுதியை அதில் போடுவான். அவள் தலைமுக்காட்டை நீக்கி ஆணையிடுவிப்பான். அவள் இரண்டு முறை ஆமென் சொல்வாள். சாபத்தை எழுதி, அந்த எழுத்தை நீரில் கழுவிக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பான். குற்றமுள்ளவளானால் வயிறு வீங்கி இடுப்பு சூம்பும். இல்லையென்றால் தீங்கின்றிப் பிள்ளை பெறுவாள்.

இதைத் தெய்வச் சோதனைகளின் வரிசையில் வைப்பது வழக்கம். ஆனால் அந்த வரிசையிலுள்ள மற்றவற்றோடு ஒப்பிட்டால் இதன் அமைப்பே வேறாகத் தெரிகிறது. மெசொப்பொத்தாமியாவில் சுமார் கி.மு. 2100ஐச் சேர்ந்த ஊர்-நம்மு சட்டம், சோரக் குற்றம் சாட்டப்பட்டவளை ஆற்றின் தீர்ப்புக்கு விட்டது. ஆறு அவளை விடுவித்தால், பழி சொன்னவன் மூன்றில் ஒரு மினா வெள்ளி கட்ட வேண்டும். சுமார் கி.மு. 1750இன் அம்முராபி சட்டத்தில், ஊரார் விரல் நீட்டிய மனைவி ஆற்றில் குதிக்க வேண்டும் (132). ஆற்றில் உயிராபத்து மெய்யானது. தீர்ப்பும் கண்ணெதிரே கிடைத்துவிடும். எண்ணாகமத்தின் பாத்திரத்தில் இருப்பதோ நீரும் புழுதியும் கரைந்த எழுத்தும்தான். அவற்றில் கொல்லக்கூடியது எதுவுமில்லை. இதற்கு நெருங்கிய உறவு அம்முராபியின் முந்தைய விதி (131): குற்றம் சாட்டுபவன் கணவனே என்றால், மனைவி தெய்வத்தின் முன் ஆணையிட்டு வீடு திரும்பலாம். பண்டைய மெசொப்பொத்தாமிய நகரமான மாரியின் கடிதம் ஒன்றில் தெய்வங்களே நகரவாசலின் மண்ணை நீரில் கரைத்துக் குடித்து, நகருக்குத் தீங்கு செய்வதில்லை என ஆணையிடுகின்றன. அங்கே பானம் குற்றத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஆணையை உடலுக்குள் இறக்குகிறது. எபிரேயச் சடங்கும் இந்த மரபைச் சேர்ந்த ஆணையே என்று கொள்வது பொருந்தும்.

அந்த ஆணை யாரைக் கட்டுப்படுத்தியது என்பதே முக்கியமான கேள்வி. லேவியராகமம் 20:10 சோரத்துக்கு மரண தண்டனை விதிக்கிறது. எண்ணாகமம் 5 மரணத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. வயிறு எப்போது வீங்கும் என்பதற்குக் கெடுவும் இல்லை. குற்றம் இருந்தால் கடவுள் தண்டிப்பார். கணவனுக்கும் கூட்டத்துக்கும் அந்த உரிமை இல்லை. பிடிபடாத பெண்ணைக் கணவன், கூட்டம் ஆகியோரின் பழிவாங்கலிலிருந்து காப்பதே சட்டத்தின் நோக்கம் என்று வேத ஆய்வாளர் யாக்கோபு மில்க்ரோம் வாதிட்டார். வாசகம் அவர் பக்கமே நிற்கிறது. கருவைக் கலைக்கும் மருந்து இது என்று சிலர் வாசிப்பதுண்டு. ஆனால் அவள் கர்ப்பிணி என்று வாசகம் எங்கும் சொல்லவில்லை. நீரில் மூலிகை எதுவும் சேர்க்கப்படவும் இல்லை.

இதைவிட வலிய மறுப்பு ஒன்று உண்டு: காப்பாற்றும் சட்டம் ஏன் அவமானப்படுத்துகிறது? சந்தேகம் பொய்யானாலும் கணவன்மேல் குற்றமில்லை என்று அதிகாரம் முடிகிறது. பழி சொன்னவனுக்கு அபராதம் போட்ட ஊர்-நம்மு இந்த ஒன்றில் நேர்மையானது. சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் சோட்டா ஏடு அவமானத்தை இன்னும் கூட்டுகிறது: ஆடையைக் கிழித்து, நகைகளைக் களைந்து, கறுப்புடுத்தி, மார்புக்கு மேலே கயிறு கட்டிப் பலர் பார்க்க நிறுத்துவார்கள். இந்தக் கொடுமைக்குச் சமாதானம் சொல்லவே முடியாது. உயிரைக் காக்கும் ஏற்பாடு மானத்தைக் காக்கவில்லை; இரண்டும் ஒரே சடங்கில் உண்மை. ஆனால் அதே ஏடுதான் கணவன் இரண்டு சாட்சிகள் முன் முதலில் எச்சரித்திருக்க வேண்டும் என்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டவள் மணப்பணத்தை இழந்து பிரிந்துபோகலாம், சாக வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. மனைவியைச் சோதிப்பது போலவே நீர் அவளோடு சோரம் போனவனையும் சோதிக்கும் என்றும் சேர்க்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் யாக்கோபின் முதல் நற்செய்தி என்னும் கிறிஸ்தவ நூலில் மரியாளோடு யோசேப்பும் சோதனை நீரைக் குடிக்கிறார். வேதவிதி ஆண்கள் யாரையும் குடிக்கச் சொன்னதில்லை.

எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் அழிந்தபின் சடங்குக்கு இடமே இல்லாமல் போனது. ஆயினும் மிஷ்னா (சோட்டா 9:9) அந்த அழிவைக் காரணமாகக் காட்டவில்லை. சோரம் போகிறவர்கள் பெருகியதால் கசப்பு நீர் நின்றது, ரபி யோகனான் பென் சக்காய் அதை நிறுத்தினார் என்கிறது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட ஆதாரம் ஓசியா 4:14. ஆண்களே வேசிகளோடு திரிகையில் அவர்களுடைய மகள்களையும் மருமகள்களையும் தண்டிக்க மாட்டேன் என்று கடவுள் மறுக்கும் இடம் அது.