தங்கவயலும் நம்ம ஊரும்

போன மாதம் இரண்டு நாள் கோலார் தங்கவயலுக்குப் போய் வந்தேன். என் தாய்மாமா அங்கே சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் முழுப் பரீட்சை லீவு விட்டால் எங்களை அங்கேதான் அனுப்பி வைப்பார்கள். மாமா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அவர் மகன் இன்னும் அதே லைன் வீட்டில்தான் இருக்கிறான். வருகிறேன் என்று போன் செய்ததும், "வாங்க மச்சான். ஆனா இங்கே பார்க்க என்ன இருக்கு?" என்றான்.

பார்க்க நிறையவே இருந்தது. பங்காருப்பேட்டையில் இறங்கி வேறு ரயில் மாறினால் கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். தங்கத்துக்காகவே போட்ட கிளை ரயில் பாதை அது. இப்போது விடியற்காலையில் அந்த ரயில் நிறைய ஆட்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

1802-ல் வாரன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, ஊர் மக்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் சுரங்கம் பெரிய அளவில் ஓடியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊரில் சொந்த நிலம் இல்லாதவர்கள், ஒடுக்கப்பட்டவர்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது அதனால்தான். பூமிக்கடியில் தங்கம் வெட்டியவர்கள் மேலே வந்து பத்திரிகை படித்தார்கள், சங்கம் வைத்தார்கள்.

சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-லேயே இந்தச் சுரங்கங்களுக்குக் கரண்ட் வந்துவிட்டது. ஆழம் சுமார் 3,200 மீட்டர் வரை போனது. இரவில் பூமிக்கடியில் பாறை வெடிக்கும். மேலே வீட்டில் அலமாரிப் பாத்திரங்கள் கடகடவென்று ஆடும். "ஏர் பிளாஸ்ட்" என்பார்கள். அத்தை எழுந்து உட்கார்ந்துவிடுவார். மாமா நைட் ஷிப்டில் இருந்தால் விடியும்வரை படுக்க மாட்டார். 1965-ல் அதே சாம்பியன் ரீப்பின் ஆழத்தில்தான் விஞ்ஞானிகள் வானிலிருந்து வரும் நியூட்ரினோவைக் கண்டுபிடித்தார்கள். உலகிலேயே முதலில் அப்படிப் பதிவு செய்த இடங்களில் அதுவும் ஒன்று. மாமாவுக்கு அது தெரிந்திருக்குமா என்று இப்போது கேட்க ஆளில்லை.

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. பிறகு அவை மத்திய அரசின் கைக்குப் போயின. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு வேலை நின்றது. 120 வருடங்களில் எடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல்.

மச்சான் எல்லாவற்றையும் காட்டினான். தாங்கு கோபுரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. கூண்டு இறங்கிய வாய்களை மூடிவிட்டார்கள், உள்ளே தண்ணீர். தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் சயனைடு மேடுகளாகக் குன்று மாதிரிக் கிடக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வருகிறது. சினிமா எடுக்க வருகிறவர்களுக்கு அந்த மேடுதான் பிடித்திருக்கிறது. மறுநாள் கம்மசந்திரத்தில் கோடிலிங்கேஸ்வரரையும், கோலாரில் சோழர் கால கோலாரம்மன் கோயிலையும் பார்த்தோம். குவளாலபுரம் என்ற பழைய பெயருள்ள அந்த ஊரில் தமிழ்க் கல்வெட்டு இருப்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் கோயில்களில் இருந்த கூட்டத்தில் ஒருவர்கூடச் சுரங்கத்தைப் பார்க்க வந்தவராகத் தெரியவில்லை.

மெக்சிகோவில் குவானஹுவாத்தோ என்று ஒரு வெள்ளிச் சுரங்க ஊர். 1988-ல் யுனெஸ்கோ ஊரையும் சுரங்கங்களையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே பழைய சுரங்க வாய்களில் பயணிகள் இறங்கிப் பார்க்கிறார்கள். தங்கவயலில் அப்படி எதுவும் இல்லை. மச்சானிடம் மாமாவின் பித்தளைப் பில்லை மட்டும் இருக்கிறது. ஷிப்டுக்கு இறங்கும்போது கொடுத்து, மேலே வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிய பில்லை. பில்லை திரும்பிப் போகவில்லை என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது நம்ம ஊர் ஞாபகம்தான். ஸ்ரீபெரும்புதூரில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் நாம் உடனே சொல்லிவிடுவோம். 1017-ல் ராமானுஜர் அவதரித்த தலம், ஆதிகேசவப் பெருமாள் கோயில், ராஜீவ் நினைவிடம். கொஞ்சம் தள்ளினால் ஒரகடம் பக்கம் வல்லக்கோட்டை முருகன், குன்றத்தூரில் சேக்கிழார். வரலாறு பிடித்தவர் என்றால் 1780-ல் திப்பு, கர்னல் பெய்லியின் படையை முறியடித்த புள்ளலூர். எல்லாம் சரி. ஆனால் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் வெளிவரத் தொடங்கியதிலிருந்து இங்கே ராப்பகலாக உழைத்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு எந்தக் கல்வெட்டு? 2006-ல் வந்த நோக்கியா 2014 நவம்பரில் மூடியபோது வேலை இழந்த பெண்கள் எத்தனை பேர் நம் தெருக்களிலேயே வாடகைக்கு இருந்தார்கள்! பின்னாளில் அதே கட்டடத்தில் வேறு கம்பெனி வந்துவிட்டது. நாமும் மறந்துவிட்டோம்.

நானும் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்கு வந்ததும் பரணில் தேடினேன். பழைய அடையாள அட்டை, முதல் மாதச் சம்பளச் சீட்டு, லைன் தொடங்கிய அன்று எல்லோரும் நின்று எடுத்த போட்டோ. "குப்பைன்னு போன பொங்கலுக்கே போடச் சொன்னேன்" என்றாள் மனைவி. நல்ல வேளை, போடவில்லை.

போட்டோவின் பின்பக்கத்தில் ஞாபகம் வந்த பெயர்களையெல்லாம் எழுதிவிட்டேன். பதினொரு பேருடைய பெயர் தெரியவில்லை. இதைப் படிக்கிற நண்பர்கள் யாராவது அந்த பேட்ச் என்றால், ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாருங்கள். காபி குடித்துக்கொண்டே எழுதிவிடலாம்.