டிரையம்ஃப் ஸ்டாக் எஞ்சினும் ஹெட் கேஸ்கெட்டும்

டிரையம்ஃப் ஸ்டாக் என்பது இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரைச் சேர்ந்த டிரையம்ஃப் நிறுவனம் 1970 முதல் 1977 வரை தயாரித்த கார் ஆகும். நான்கு பேர் அமரக்கூடிய இக்காரின் கூரையைத் திறந்துகொள்ளலாம். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்த அதன் தோற்றம் பலரையும் கவர்ந்தது. ஆனால் அதைவிட அதிகமாகப் பேசப்பட்டது, அதன் எஞ்சின் சூடேறி வழியில் நின்ற கதைதான். ஸ்டாக் என்ற பெயரையே சற்று மாற்றி, 'ஸ்னாக்' (சிக்கல்) என்று கேலி செய்தனர்.

எஞ்சினின் அடிப்பகுதி பிளாக். அதன்மேல் மூடி போல் அமர்வது சிலிண்டர் ஹெட். இரண்டுக்கும் நடுவே வைக்கப்படும் மெல்லிய தகடே ஹெட் கேஸ்கெட். எரிவாயுவின் அழுத்தம், குளிர்விக்கும் நீர், மசகு எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது இதன் வேலை. கேஸ்கெட் போய்விட்டால் எண்ணெயில் நீர் கலந்து மோர் போல் வெளுக்கும். ரேடியேட்டரில் குமிழிகள் எழும். புகைக்குழாயில் வெண்புகை வரும். ஸ்டாக்கில் இருந்தது 2997 சிசி கொள்ளளவுள்ள வி8 எஞ்சின். 'வி' வடிவத்தின் இரு புறமும் ஒவ்வொரு ஹெட் என்பதால் கேஸ்கெட்டும் இரண்டு.

பழி முழுவதும் கேஸ்கெட்டின் மேல் விழுந்தாலும் குற்றம் அதனுடையது அன்று. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அக்காலத்தில் வேறு பல எஞ்சின்களும் இப்படித்தான் இருந்தன. ஸ்டாக்கின் தனித்தன்மை, ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் தண்டுகளில் பாதி நேராகவும் பாதி சாய்வாகவும் இருந்ததே. மேல்மூடியை முன்கூட்டியே பொருத்திவிட்டுப் பிறகு ஹெட்டை இறுக்க இந்தச் சாய்வு உதவியது. தொழிற்சாலைக்கு இது வசதிதான். ஆனால் எஞ்சின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் தண்டுகள் வெவ்வேறு திசையில் இழுக்க, ஹெட் பக்கவாட்டில் நெருக்கப்பட்டது.

குளிர்விக்கும் அமைப்பு இதைவிட மோசம். வாட்டர் பம்ப் எஞ்சினின் உச்சியில் இருந்ததால், நீர்மட்டம் சற்றுக் குறைந்தாலும் அது காற்றைத்தான் சுற்றியது. வார்ப்பின்போது பயன்பட்ட மணல் பல பிளாக்குகளின் உள்ளே தங்கி நீர்ப்பாதையை அடைத்தது. அரிப்புத் தடுப்புக் கலவையைக் குளிர்காலத்துக்கு மட்டும் ஊற்றிவிட்டு, மற்ற மாதங்களில் வெறும் நீரோடு ஓட்டியவர்களின் எஞ்சினில் அலுமினியம் அரித்து, அந்தக் கசடு ரேடியேட்டரை அடைத்தது. சூடு மிஞ்சியதும் ஹெட் வளையும். அதன் பிறகு எந்தக் கேஸ்கெட்டும் தாங்காது.

இத்தனைக்கும் மாற்று அருகிலேயே இருந்தது. 1967இல் டிரையம்ஃபின் தாய் நிறுவனமான லேலண்டுடன் இணைந்த ரோவரிடம், அமெரிக்க ப்யூக் நிறுவனத்திடமிருந்து பெற்ற இலகுவான வி8 எஞ்சின் தயாராக இருந்தது. ஆயினும் டிரையம்ஃப் தன் சொந்த எஞ்சினையே விடாமல் பிடித்துக்கொண்டது. அந்த வி8 வேறெந்தத் தயாரிப்புக் காரிலும் இடம்பெறவில்லை. பின்னாளில் உரிமையாளர்கள் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ரோவர் எஞ்சினைப் பொருத்திக்கொண்டனர்.

கேஸ்கெட்டை மாற்ற முனைந்தவர்களுக்கு ஹெட்டைத் தூக்குவதே பெரும்பாடு. எஃகு ஸ்டட்டும் அலுமினிய ஹெட்டும் அரிப்பினால் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டிருக்கும். ஒரு ஸ்டட்டில் இரண்டு நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, அடி நட்டைத் திருகி ஸ்டட்டையே கழற்றுவது எளிய முறை. அதற்கும் அசையாதவற்றைச் சூடுகாட்டியும், எண்ணெய் ஊறவிட்டும், கடைசியில் துளையிட்டும் எடுப்பார்கள். நாட்கணக்கில் ஆகும் வேலை இது. பொறுமையிழந்து பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உளியைச் செருகி நெம்பினால் அலுமினியப் பரப்பு கீறிப்போகும், ஹெட்டே வீண்.

கழற்றிய ஹெட்டின் மேல் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்பர். வளைந்திருந்தால் பட்டறையில் ஃபேசிங் செய்ய வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கேம்ஷாஃப்ட் ஹெட்டிலேயே இருப்பதால், அதிகம் சீவினால் ஹெட் தாழ்ந்து டைமிங் செயின் தளர்ந்துவிடும். சிலிண்டருக்குள் அழுத்த விகிதமும் ஏறும். செயின் பல் மாறினாலோ அறுந்தாலோ வால்வுகள் பிஸ்டனில் மோதும் எஞ்சின் இது. திரும்பப் பூட்டும்போது நடுவிலிருந்து வெளிப்புறமாக, குறித்த வரிசையில், சில கட்டங்களாக டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குவர்.

1979இல் தொடங்கப்பட்ட ஸ்டாக் உரிமையாளர் சங்கம் போன்ற அமைப்புகளும் தனிப் பட்டறைகளும், தொழிற்சாலை செய்யாமல் விட்ட வேலையைப் படிப்படியாகச் செய்தன. பிளாக்கின் நீர்ப்பாதையை மணலின்றிக் கழுவினர், ரேடியேட்டரை மேம்படுத்தினர், ஸ்டட்டுகளில் செம்புக் கிரீஸ் தடவினர், அரிப்புத் தடுப்புக் கலவையை ஆண்டு முழுவதும் ஊற்றினர். மொத்தம் தயாரிக்கப்பட்ட சுமார் 26,000 கார்களில் பல ஆயிரம் இன்றும் பிரிட்டனில் எஞ்சியுள்ளன. அவற்றுள் பல, ஒரு காலத்தில் தூக்கி எறியப்பட்ட அதே டிரையம்ஃப் எஞ்சினுடனேயே ஓடுகின்றன.