ஜெர்மன் குடும்பங்களில் பரிமாற்ற மாணவர் வாழ்க்கை

வெளிநாட்டுப் பள்ளி மாணவர் ஒருவர் சில மாதங்களோ ஒரு கல்வியாண்டோ ஜெர்மன் குடும்பத்தோடு தங்கி, அவ்வூர்ப் பள்ளியிலேயே படிக்கும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்ந்தது. பகைநாடுகளின் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்ற உயர்ந்த எண்ணம் அதன் பின்னால் இருந்தது. முதல் உலகப் போரில் காயம்பட்டோரை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வலர்களின் அமைப்பான ஏ.எஃப்.எஸ். 1947இல் மாணவர் பரிமாற்றத்தில் இறங்கியது. ஒய்.எஃப்.யூ. அமைப்பு, 1951இல் ஜெர்மன் பதின்வயதினர் மிச்சிகன் மாநிலக் குடும்பங்களில் தங்கியதிலிருந்து பிறந்தது. அமெரிக்க, ஜெர்மன் நாடாளுமன்றங்கள் சேர்ந்து நடத்தும் மாணவர் பரிமாற்றத் திட்டம் 1983இல் தொடங்கியது.

இவ்வமைப்புகள் வழியாக மாணவரை ஏற்கும் குடும்பங்கள் பொதுவாக அதற்குப் பணம் பெறுவதில்லை. இந்த முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. வந்தவர் வாடகைக்கு இருப்பவரும் அல்ல, விருந்தாளியும் அல்ல. வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர். ஆகவே வீட்டு வேலையில் அவருக்கும் பங்குண்டு. குப்பை பிரிப்பதை முதலில் கற்க வேண்டும்: காகிதம், உணவுக் கழிவு, பிளாஸ்டிக் உறைகள் தனித்தனியாகச் சேரும், கண்ணாடிப் புட்டிகளை நிறம் பார்த்துத் தெருமுனைத் தொட்டிகளில் போடுவார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பானப் புட்டிக்குக் கட்டிய 25 சென்ட் முன்பணம், காலிப் புட்டியைக் கடையில் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். கடுங்குளிரிலும் ஜன்னல்களைச் சில நிமிடம் விரியத் திறப்பார்கள். வெப்பம் வெளியேறாதபடி இறுக அடைத்துக் கட்டிய வீடுகளில் ஈரக்காற்று தேங்கினால் சுவரில் பூஞ்சை பிடித்துவிடும்.

பள்ளி காலை 8 மணியளவில் தொடங்கும். மதிப்பெண்களில் 1 மிகச் சிறந்தது, 6 மிகத் தாழ்ந்தது. விளையாட்டுக்குப் பெரும்பாலும் ஊர்ச் சங்கங்களில் சேர வேண்டும். நட்பு வளர அதைவிட நல்ல இடமில்லை.

பல வீடுகளில் இரவு உணவுக்கு அடுப்பு எரிவதில்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, இறைச்சித் துண்டுகள், ஊறுகாய் வெள்ளரி என மேசையில் பரப்பி அவரவர் எடுத்துக்கொள்வார்கள். சூடான சோற்றுக்குப் பழகியவருக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் அன்றைய நாளைப் பற்றி எல்லாரும் பேசுவது அங்கேதான். ஜெர்மன் மொழி நாவில் படிவதும் அங்கேதான். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். இரைச்சலான வேலை எதுவும் செய்யக்கூடாது. பிற்பகலில் காபியும் கேக்கும் உண்டு.

குடும்பத்தோடு ஒத்துப்போகாவிட்டால் மாணவர் அமைப்பின் உள்ளூர்ப் பொறுப்பாளரை அணுகலாம். பேசியும் சரிவராதபோது வேறு குடும்பத்துக்கு மாற்றிவிடுவார்கள். இதை யாரும் தோல்வியாகக் கருதுவதில்லை.