டர்பன் தர்ம ஆஸ்பத்திரியும் தென்னாற்காட்டுக் கூலிகளும்

நம் தாத்தாக்களின் காலத்தில், அதாவது 1900-ஐ ஒட்டி, தென்னாற்காடு, வடஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர் ஜில்லாக்களில் ஒரு விவசாயக் கூலி தன் ஆயுளில் முதல் தடவையாக இங்கிலீஷ் டாக்டரின் முன் நின்றது பெரும்பாலும் வியாதிக்காக அல்ல. சென்னையில் குடியேற்ற டிப்போ என்று ஒன்று இருந்தது. அங்கே கப்பலுக்குக் காத்திருந்தவர்களை ஒரு டாக்டர் பரிசோதிப்பார். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷம் உழைக்கத் தாங்குமா என்பதுதான் அவர் பார்க்க வேண்டியது. தேறியவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் ஒரு பேரேட்டில் ஏறும். கடைசியில் அங்க அடையாளங்கள்: எங்கே தழும்பு, எங்கே மச்சம். அதன் பிறகு அவருக்கு ஒரு நம்பர்.

இப்படிப் போன ஊர்கள் பல. மலேயா, இலங்கை, பர்மா, பிஜி, மொரிஷியஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை உண்டு. இன்றைக்கு நேட்டாலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், டர்பன் துறைமுகத்தைச் சுற்றியுள்ள பிரதேசம் அது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு அங்கே போய்ச் சேர்ந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து ‘பெல்விடேர்’ வந்தது. அதில் வழியிலேயே காலரா கண்டு பலர் இறந்துபோனார்கள். 1911-ல் இந்த முறை நிறுத்தப்படுவதற்குள் மொத்தம் 1,52,184 பேர் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள்.

ஒப்பந்தத்தைப் படித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. அரிசி, பருப்பு, உப்புக் கருவாடு, குடியிருக்க இடம், நோய் வந்தால் வைத்தியம். நெய்வேலியில் முப்பது முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து, மெடிக்கல் புக்கை எடுத்துக்கொண்டு ஜெனரல் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று பழகிய நமக்கு, ‘வைத்தியம் உண்டு’ என்றால் வைத்தியம் உண்டு என்றுதான் அர்த்தம். அங்கே அப்படியில்லை. ஊர் திரும்பிய முதல் கூட்டத்தார் சென்னை வந்து இறங்கியதும் அடுக்கடுக்காகப் புகார் சொன்னார்கள். வேலைக்கு வராத நாளுக்குக் கூலி போவது மட்டுமல்ல, மேற்கொண்டு தண்டமும் பிடித்தார்கள். காய்ச்சலில் படுத்த நாளுக்கும் இதே கணக்குத்தான். 1872-ல் ஒரு கமிஷன் போட்டு விசாரித்தார்கள். அதற்குப் பிறகுதான் குடியேறிகளுக்குப் பாதுகாவலர் என்று ஒரு அதிகாரி வந்தார். தோட்டங்களை வட்டாரங்களாகப் பிரித்து டாக்டர்கள் போட்டார்கள். சிகிச்சை எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறியது. படுக்கையில் கிடப்பவன் நிஜமாகவே நோயாளியா, வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறானா என்பதுதான் முதலாளிக்கு எப்போதும் முதல் சந்தேகம்.

1894-ல் டர்பனில் நடந்த பாலசுந்தரம் விஷயம் பலருக்கும் தெரிந்திருக்கும். தமிழர், ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, கிழிந்த துணியோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் ஆபீசுக்கு வந்தார். காந்தியின் குமாஸ்தா ஒரு தமிழர், அவர்தான் நடந்ததை விளக்கினார். காந்தி மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போவதற்கு முன்னால் செய்த காரியம், ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்கு சர்டிபிகேட் வாங்கியது. அந்த நாளில் அங்கே வேறு டாக்டர்கள் கிடையாது. பாலசுந்தரம் வேறு முதலாளியிடம் மாற்றப்பட்டார். இந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது என்று காந்தியே எழுதியிருக்கிறார்.

இன்னொரு சின்ன விஷயம். 1896-ல் காந்தி ‘பொங்கோலா’ என்ற கப்பலில் இந்தியா திரும்பும்போது தமிழ் கற்றுக்கொள்ள முயன்றார். உருது சொல்லிக்கொடுக்க மூன்றாம் வகுப்புப் பயணிகளில் ஒரு முன்ஷி அகப்பட்டார். தமிழுக்கு ஆள் கிடைக்கவில்லை. கப்பல் டாக்டர் கொடுத்த ‘தமிழ் சுயபோதினி’ மாதிரியான ஒரு புத்தகத்தை வைத்துத் தானே படித்தார். கப்பல் டாக்டரிடம் அப்படி ஒரு புத்தகம் ஏன் இருந்தது என்று யோசித்தால், அந்தக் கப்பல்களில் யார் போய்வந்தார்கள் என்பது புரியும்.

ஐந்து வருஷ ஒப்பந்தம் இருக்கும்வரை பேருக்காவது ஒரு டாக்டர் உண்டு. ஒப்பந்தம் முடிந்தவுடன் ஆள் சுதந்திரம், கூடவே ஆஸ்பத்திரியும் போய்விட்டது! காய்கறி பயிரிட்டு, கூடையில் வைத்து விற்று, ரயில்வேயிலும் வீட்டு வேலையிலும் ஜீவனம் செய்தவர்கள் நோயில் விழுந்தால் சொந்தச் செலவு. 1895 சட்டப்படி, ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் தங்குகிறவர்களுக்கு ஆளுக்கு வருஷம் 3 பவுன் வரி வேறு. மாதம் பத்துப் பன்னிரண்டு ஷில்லிங் பார்த்தவர்களுக்கு 3 பவுன் என்றால், 60 ஷில்லிங், கிட்டத்தட்ட ஐந்தாறு மாதக் கூலி. வைத்தியத்துக்கு எங்கே போவது?

இங்கேதான் டாக்டர் பூத் வருகிறார். லான்ஸ்லட் பார்க்கர் பூத். (சால்வேஷன் ஆர்மி ஜெனரல் பூத் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒப்பந்தக் கூலிகளுக்கு வைத்தியராக நேட்டாலில் வேலை பார்த்து, பிறகு ஆங்கிலிக்கன் சபையில் பாதிரியாராகி, டர்பனில் இந்தியர்களுக்கான செயின்ட் எய்டன்ஸ் மிஷனுக்குத் தலைவரானவர். ஏழைகளுக்கு இலவசமாகவே வைத்தியம் செய்தார். ஆஸ்பத்திரி நடத்தப் பணம்? அது பார்சி ருஸ்தம்ஜியிடமிருந்து வந்தது. டர்பனில் பெரிய வியாபாரி, கையில் தாராளம் உள்ளவர். ஆக கிறிஸ்தவ டாக்டர், பார்சி பணம், நோயாளிகள் பெரும்பாலும் தமிழர், தெலுங்கர், வடநாட்டார். இந்தக் கூட்டணியில் 1890-களின் பிற்பகுதியில் ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரி எழுந்தது.

அதில் காந்தி தினமும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வேலை செய்தார். சம்பளமில்லாத கம்பவுண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியிடம் என்ன உபத்திரவம் என்று கேட்டு, அதை டாக்டரிடம் சொல்லி, எழுதிக்கொடுத்த மருந்தைக் கலந்து கொடுக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கோர்ட்டு வேலையை யார் பார்ப்பது? அப்போது காந்தியின் வீட்டிலேயே தங்கியிருந்த கான் என்ற வக்கீல் அதை ஏற்றுக்கொண்டார். இந்தக் கான் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறார்.

காந்திக்கு இது ஒரு ஆத்ம திருப்தி என்று மட்டும் நாம் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு படபடக்கிறது, குளிர் தூக்கிப் போடுகிறது என்று ஒரு நோயாளி தன் பாஷையில் சொல்வதை, பொறுமையாகக் கேட்டு டாக்டரிடம் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் அங்கே இருந்தார். தோட்டத்து வைத்தியத்தில் இல்லாதது அதுதான்.

1899 அக்டோபரில் போயர் யுத்தம் வந்தது. இந்தியர்கள் ஆம்புலன்ஸ் படை ஒன்றைத் திரட்டினார்கள். காயம் பட்டவர்களைத் தூக்கவும் கட்டுப்போடவும் பயிற்சி கொடுத்தவர் இதே டாக்டர் பூத். சுமார் 1,100 பேர் கொண்ட படை, தலைவர்கள் நாற்பது பேர் போல. சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர்கள். மீதி அத்தனை பேரும் ஒப்பந்தக் கூலிகள், தோட்ட முதலாளிகள் அனுமதித்து அனுப்பியவர்கள். கொலன்சோவிலும், 1900 ஜனவரியில் ஸ்பியான் காப்பிலும் ஆங்கிலேயர் படை பலத்த அடி வாங்கியபோது, டோலி தூக்கியவர்கள் இவர்கள். ஆரம்பத்தில் குண்டு விழும் எல்லைக்குள் போக வேண்டாம் என்றுதான் ஏற்பாடு. ஸ்பியான் காப்பில் நிலைமை மோசமானதும், வந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம் என்று ஜெனரல் புல்லர் சொல்லி அனுப்ப, எல்லைக்குள்ளும் போனார்கள். ஜெனரல் உட்கேட் போன்ற பெரிய அதிகாரியையும் சுமந்தார்கள். சில நாள் டோலியோடு 20, 25 மைல் நடை. ஆறு வாரம் கழித்துப் படை கலைக்கப்பட்டது.

யுத்தப் பதக்கம் தலைவர்களுக்குக் கிடைத்தது. டோலியின் நான்கு முனைகளைத் தோளில் வாங்கிய கூலிகள் மறுபடி கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். காந்தியின் புத்தகத்திலும் அவர்கள் பெயர் இல்லை.

அடுத்தது 1904 மார்ச். இடம் ஜோகன்னஸ்பர்க். இந்தியர்கள் ‘லொகேஷன்’ என்ற ஒதுக்கப்பட்ட சேரியில் இருந்தார்கள். நகரசபை அந்த இடத்தைக் கையகப்படுத்தியும் மாற்று இடம் கொடுக்காமல், துப்புரவும் செய்யாமல் வைத்திருந்தது. ஒரு தங்கச் சுரங்கத்தில் நியூமோனிக் பிளேக் வெடித்தது. நுரையீரலைத் தாக்கும் வகை, மூச்சிலேயே பரவும். ஒரே மாலையில் 23 இந்தியர்கள் நோயோடு லொகேஷனுக்குத் திரும்பினார்கள். ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகைக்குச் சந்தா சேர்க்க வந்திருந்த மதன்ஜித் இதைப் பார்த்து, காலி வீடு ஒன்றின் பூட்டை உடைத்து அவர்களைப் படுக்கவைத்தார். பென்சிலால் எழுதிய சீட்டு காந்திக்குப் போனது; அவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். டாக்டர் வில்லியம் காட்ஃப்ரே என்ற இந்திய டாக்டர் ஓடிவந்து, அன்றிரவு டாக்டரும் அவரே, நர்ஸும் அவரே என்று நின்றார். காந்தியின் ஆபீஸ் இளைஞர்கள் நான்கு பேர் கூட இருந்தார்கள். மறுநாள் நகரசபை ஒரு காலி கிடங்கைக் கொடுத்தது. அதைச் சுத்தம் செய்து கட்டில் போட்டதும் இவர்களே.

ஜோகன்னஸ்பர்க் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் அனுப்பப்பட்டார். கையோடு பிராந்தி. அன்றைய வைத்தியம் அதுதான். பிளேக்குக்கு ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் நாற்பது வருஷம் இருக்கிறது. காந்திக்குப் பிராந்தியில் நம்பிக்கையில்லை. டாக்டர் காட்ஃப்ரேயின் அனுமதியோடு, சம்மதித்த மூன்று பேருக்கு மட்டும் தலையிலும் மார்பிலும் ஈர மண் பட்டி போட்டார். மூவரில் இருவர் பிழைத்தார்கள். மற்ற இருபது பேரும் இறந்துபோனார்கள். மண் சிகிச்சையின் மகிமை என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. மூன்று பேரை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

அந்த நர்ஸ் நோயாளிகளைத் தொட விரும்பினார். தொற்று வேண்டாமென்று இவர்கள்தான் பெரும்பாலும் தடுத்தார்கள். அப்படியும் அவருக்கு நோய் தொற்றிச் சில நாளில் இறந்துவிட்டார். வெள்ளைக்காரப் பெண்மணி, கூலிகளின் கிடங்கில் பணி செய்து உயிர் விட்டவர். காந்தி அவரை மிக அன்போடு நினைவுகூர்கிறார், பெயர் சொல்லாமல்.

லொகேஷன் காலி செய்யப்பட்டு, ஊருக்குப் 13 மைல் தள்ளி கிளிப்ஸ்ப்ரூட் பண்ணையில் கூடாரங்களில் எல்லோரும் மூன்று வாரம் தங்கினார்கள். காலி செய்த குடியிருப்பைக் கொளுத்திவிட்டார்கள். ஜனங்கள் மண்ணில் புதைத்து வைத்திருந்த வெள்ளி, செப்புக் காசுகளைத் தோண்டியெடுத்துக் காந்தியிடம் கொடுக்க, அது ஏறக்குறைய 60,000 பவுன் ஆனது! பாங்க் என்றால் என்னவென்றே தெரியாதவர்களின் சேமிப்பு. கிருமி போக மருந்து நீரில் கழுவித்தான் பாங்க் வாங்கிக்கொண்டது.

டாக்டர் காட்ஃப்ரேயைப் பற்றி ஒரு உபகதை. இதே டாக்டர்தான் இரண்டு வருஷம் கழித்து, 1906-ல், காந்தி லண்டனுக்குத் தூது போனபோது, இவர் எங்கள் பிரதிநிதியல்ல என்று சி.எம். பிள்ளை என்பவரோடு சேர்ந்து லார்ட் எல்ஜினுக்கு மனு அனுப்பினார். அதனால் 1904-ல் அவர் பிளேக் வீட்டுக்குள் நுழைந்தது சின்னதாகிவிடாது.

அதே 1906-ல் நேட்டாலில் ஜூலு மக்கள் வரிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். மறுபடி இந்திய டோலிப் படை. இந்த முறை 24 பேர்தான். காந்தி உட்பட குஜராத்திகள் ஐந்து பேர், ஒரு பட்டாணியர். மீதி அத்தனை பேரும் ஒப்பந்தம் முடிந்த தென்னிந்தியத் தொழிலாளிகள். கணக்குப் போட்டால் 18 பேர். ஆங்கிலேயருக்காகப் போன இவர்களுக்குக் கிடைத்த வேலை ஜூலுக்களின் புண்ணைக் கழுவிக் கட்டுவது. கசையடி பட்ட முதுகுகள், கவனிப்பாரின்றிச் சீழ் பிடித்துக் கிடந்தன. வெள்ளைக்கார நர்ஸ்கள் தொட மறுத்தார்கள். வேலிக்கு வெளியே நின்ற சிப்பாய்கள், இதெல்லாம் எதற்கு என்று தடுக்கப் பார்த்தார்கள். பாஷை தெரியாத ஜூலுக்கள் கையசைவாலும் கண்ணாலும் நன்றி சொன்னார்களாம். தன் முதுகில் கசை வாங்கி அனுபவப்பட்டவர்கள் அந்தப் பதினெட்டுப் பேரில் எத்தனை பேரோ.

3 பவுன் வரி 1914-ல் ஒழிந்தது. அதற்குக் கொடுத்த விலையில் ஒன்று, மாரிட்ஸ்பர்க் ஜெயிலில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மை. தில்லையாடி நமக்குத் தூரமில்லை.

அதற்குள் முதலில் போனவர்களுக்கு வயதாகிவிட்டது. குடும்பமில்லாத கிழவர்கள் டர்பன் தெருக்களில் படுத்துக் கிடந்தார்கள். இங்கே சொந்த கிராமத்தில் அவர்களை அடையாளம் தெரிந்தவர்கள் யாருமில்லை. அங்கே தோட்டத்துக்கு அவர்கள் தேவையில்லை. 1921-ல் ஆர்ய யுவக் சபையைச் சேர்ந்தவர்கள் இவர்களுக்காக ஆர்யன் பெனவலண்ட் ஹோம் என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது.

பெண்களுக்கு வைத்தியம் என்பது அப்போதும் பெரிய பாடுதான். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டுவதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைத்த தலைமுறை. 1906-ல் டர்பனில் பிறந்த குணம் நாயுடு எடின்பரோ போய் டாக்டர் பட்டத்தோடு 1936-ல் திரும்பி, டர்பனின் முதல் இந்தியப் பெண் டாக்டராகப் பிராக்டிஸ் தொடங்கினார். பிற்காலத்தில் தன் சுயசரிதைக்கு அவர் வைத்த பெயர் ‘கூலி டாக்டர்’. இகழ்ச்சியாக அழைக்கப்பட்ட பெயரையே தலைப்பாக்கிவிட்டார்.

இனி அந்த வக்கீல் கான். முழுப்பெயர் ஆர்.கே. கான். காந்தி ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்தில் கேஸ் கட்டுகளைப் பார்த்துக்கொண்டவர், காந்தி இந்தியாவுக்குத் திரும்பிய பிறகும் டர்பனிலேயே தங்கி, 1930-களில் காலமானார். ஆஸ்பத்திரியும் மருந்தகமும் அமைக்க வேண்டுமென்று தன் சொத்தை உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார். முதலில் மருந்தகங்கள் வந்தன. ஆஸ்பத்திரி எழ வருஷங்கள் பிடித்தன. இன அடிப்படையில் குடியிருப்புகளைப் பிரிக்கும் சட்டம் போட்டு, டர்பன் இந்தியர்களைப் பழைய இடங்களிலிருந்து பெயர்த்து சாட்ஸ்வொர்த் என்ற புது டவுன்ஷிப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே 1969-ல் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. சாட்ஸ்வொர்த்தில் கோயில்களும் காவடியும் உண்டு. நாயுடு, பிள்ளை, கவுண்டன், படையாச்சி என்ற பெயர்கள் இன்றும் குடும்பப் பெயர்களாகவே இருக்கின்றன.

படையாச்சி என்ற பெயர் எந்த வட்டாரத்திலிருந்து போயிருக்கும் என்று நெய்வேலிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கப்பல் பேரேடுகள் இன்றும் டர்பனில் பத்திரமாக இருக்கின்றன. ஜில்லா என்ற பத்தியில் சவுத் ஆற்காட் என்று இருக்கும் பக்கங்கள் நிறைய.