கறுப்புச் சொக்லட்டும் ஒரு பார்திங் தீர்ப்பும்

சென்ற வாரம் பெரிய துன்பம் எதுவும் எனக்கு நேரவில்லை. சிறிய தொல்லைகள்தான் வரிசை கட்டிக்கொண்டு வந்தன. திங்கட்கிழமை, என் ஒப்பம் பழைய ஒப்பத்தோடு ஒத்துவரவில்லை என்று கூறி வங்கியொன்றில் காசோலையைத் திருப்பித் தந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் இட்ட ஒப்பம் அது. மனிதனுக்கு வயது ஏறினால் கையெழுத்துக்கும் ஏறும் என்பதை எந்தப் படிவத்தில் எழுதிக் கொடுப்பது? செவ்வாயன்று வருவதாகச் சொன்ன குழாய் திருத்துபவர் புதனன்று வந்தார். வேறொரு சாவி வேண்டும் என்று சொல்லிப் போனவர் போனவர்தான். வியாழனன்று மூக்குக்கண்ணாடியின் திருகாணி கழன்று எங்கோ மறைந்தது. வெள்ளியன்று இருபது நிமிட மின்தடை, எழுதிக்கொண்டிருந்த இரண்டு பக்கங்களைக் கொண்டுபோயிற்று.

பெரும் துயரென்றால் ஊர் கூடும், உறவு வரும். இத்தகைய எரிச்சல்களுக்கு ஆறுதல் கூற எவரும் வருவதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அந்த ஐந்து இரவுகளிலும் எனக்குத் துணையாயிருந்தது 70 வீதம் கொக்கோ உள்ள கறுப்புச் சொக்லட். ஓர் இரவுக்கு இரண்டு துண்டுகள், அவ்வளவுதான். கடித்து மென்றால் அது கசப்பு மட்டுமே. நாவில் வைத்துக் காத்திருந்தால் மெல்ல உருகி, கசப்புக்குள்ளிருந்து ஒரு மணம் எழும். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகுவது. நம் உடற்சூடோ 37 பாகை. வாய்க்குள் போனதும் அது இளகுவதன் இரகசியம் இதுதான். அதிலுள்ள தியோபுரோமினும் சிறிதளவு கஃபீனும் மெல்லிய உற்சாகத்தைத் தருகின்றன. ஆயினும், ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு பொறுமையாக இருக்கவைப்பதே அதன் முதல் மருத்துவம் என்பது என் அனுபவம்.

பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவனுக்கு எதைத் தின்றாலும் அதன் பூர்வீகத்தைத் துருவும் பழக்கம் விட்டுப்போவதில்லை. துருவிப் பார்த்தால், சொக்லட்டின் கதை பல இடங்களில் நமது தொழிலின் கதையோடு பின்னிக் கிடக்கிறது.

கொக்கோ மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா. இன்றைய எக்குவடோரில் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அதனைப் பயன்படுத்தினர் என்பதற்கான தடயங்கள் 2018இல் வெளியான ஆய்வொன்றில் காட்டப்பட்டன. மத்திய அமெரிக்காவின் மாயா மக்களும், பின்னர் மெக்சிக்கோவின் அஸ்ரெக்குகளும் கொக்கோ விதையை அரைத்து, மிளகாயும் வாசனைப் பொருட்களும் சேர்த்து, நுரை பொங்க ஆற்றிக் குடித்தார்கள். அதில் சீனி இல்லை, பால் இல்லை. அரசரும் பிரபுக்களும் போர்வீரரும் அருந்திய பானம் அது. கொக்கோ விதை அங்கே நாணயமாகவும் செலாவணியில் இருந்தது. ஒரு கோப்பை பானம் என்பது ஒரு கைப்பிடிக் காசை அரைத்துக் குடிப்பதற்குச் சமம். கசப்பே அதன் பிறவிக் குணம். இனிப்பு, ஸ்பானியர் அதனைக் கடல் கடந்து எடுத்துச் சென்ற பின்னர் ஏற்றப்பட்டது. 1753இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இம்மரத்துக்குத் தியோபுரோமா என்று பெயரிட்டார். தேவர்களின் உணவு என்பது அதன் பொருள்.

இலண்டனில் 1657இலேயே சொக்லட் பானம் விற்கப்பட்டது. கோப்பிக் கடைகளும் சொக்லட் கடைகளும் பெருகின. அங்கே கோப்பையைவிட வேகமாகக் கைமாறியது செய்தி. அரசனைப் பற்றி, அமைச்சரைப் பற்றி, போரைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். 1675 டிசம்பரில் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் இக்கடைகளை மூடும்படி பிரகடனம் செய்தார். கோப்பி, தேநீரோடு சொக்லட்டும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. எதிர்ப்பு வலுத்தமையால் சில நாட்களிலேயே அப்பிரகடனத்தை அவர் மீளப்பெற நேர்ந்தது. 1693இல் தொடங்கிய வைற்ஸ் என்ற சொக்லட் கடையின் பெயரை, 1709இல் ரிச்சர்ட் ஸ்ரீல் ஆரம்பித்த ‘ரட்லர்’ பத்திரிகை தன் களிப்பு, கேளிக்கைச் செய்திகளுக்குத் தலைப்பிடமாகவே வைத்துக்கொண்டது. பத்திரிகைத் தொழிலும் சொக்லட்டும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை என்று நான் சொல்வது இதனால்தான்.

அது பானமாக இருந்து கட்டியாக மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1828இல் ஒல்லாந்தில் வன் ஹௌட்டன் கொக்கோவிலிருந்து வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 1847இல் பிரிஸ்ரல் நகரின் பிறை கொம்பனி கொக்கோத் தூளையும் சீனியையும் கொக்கோ வெண்ணெயையும் கலந்து கடித்துண்ணும் கட்டியை வார்த்தது. 1875இல் சுவிற்சர்லாந்தின் டானியல் பீற்றர் பாலைச் சேர்த்தார். 1879இல் அதே நாட்டின் லின்ட், நெடுநேரம் அரைத்து வழவழப்பாக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். ஆகவே கறுப்புச் சொக்லட் ஏதோ இன்றைய நாகரிகம் என்று எண்ணவேண்டாம். பால் கலந்ததுதான் பின்னே வந்தது.

பிரித்தானியாவில் இத்தொழிலைக் கையில் வைத்திருந்தவை மூன்று குவேக்கர் குடும்பங்கள்: பிரிஸ்ரலின் பிறை, யோர்க்கின் றவுண்ட்றீ, பேர்மிங்ஹாமின் கட்பரி. குவேக்கர்கள் போரை வெறுப்பவர்கள், மதுவை வெறுப்பவர்கள். தொழிலாளியின் கையில் சாராயக் குவளைக்குப் பதில் கொக்கோக் கோப்பை இருக்கவேண்டும் என்பது அவர்களது எண்ணம். கட்பரி சகோதரர்கள் 1879இல் நகரின் புகையிலிருந்து விலகி போர்ன்வில்லில் தொழிற்சாலை அமைத்தார்கள். பின்னர் அதனருகே தோட்டங்களோடு கூடிய வீடுகளும் எழுந்தன. சொக்லட் என்பது ஆறுதல் என்ற எண்ணத்தை மக்கள் மனத்தில் பதித்தவர்கள் இவர்களே எனலாம்.

தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, 1900ஆம் ஆண்டுப் புத்தாண்டுப் பரிசாகத் தன் படையினருக்கு ஆளுக்கொரு பெட்டி சொக்லட் அனுப்ப விக்ரோறியா மகாராணி விரும்பினார். குவேக்கர்களுக்குத் தர்மசங்கடம். பணம் வாங்காமல் செய்து தருகிறோம், தகரப் பெட்டியில் எங்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் கிடந்த சிப்பாய்கள் சிலர் அதனைத் தின்னாமலே ஊருக்கு அனுப்பிவைத்தனர். அவ்வாறான பெட்டியொன்று, உள்ளே சொக்லட் அப்படியே இருக்க, 121 ஆண்டுகளின் பின் 2021இல் இங்கிலாந்தின் நோர்போக்கிலுள்ள மாளிகையொன்றில் கண்டெடுக்கப்பட்டது. ஆறுதலை உண்ணாமலேயே பத்திரப்படுத்தி வைத்த மனம் அது.

இவ்வளவு நல்லெண்ணம் கொண்ட மனிதர்கள் செய்த பண்டத்தின் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது? சரித்திரம் கசப்பது இங்கேதான்.

1901இல் வில்லியம் கட்பரி திரினிடாட்டுக்குச் சென்றிருந்தார். மேற்கு ஆபிரிக்கக் கரைக்கப்பால் உள்ள போர்த்துக்கேயரின் சாவோ தொமே தீவில் ஒரு கொக்கோத் தோட்டம் விற்பனைக்கு இருப்பதாக ஓர் அறிவித்தல் அவர் கண்ணிற்பட்டது. நிலம், கட்டடங்களோடு சேர்த்து, தொழிலாளர்களும் விலையோடு சொத்துப் பட்டியலில் குறிக்கப்பட்டிருந்தார்கள். கட்பரி தம் கொக்கோவில் கணிசமான பங்கை வாங்கியது சாவோ தொமேயிலிருந்துதான்.

1904இன் பிற்பகுதியில் ஹென்றி நெவின்சன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர், அமெரிக்காவின் ‘ஹார்ப்பர்ஸ்’ மாத இதழுக்காக அங்கோலாவுக்குப் புறப்பட்டார். சட்டப்படி அடிமை முறை அங்கே ஒழிக்கப்பட்டிருந்தது. உள்நாட்டில் பிடிக்கப்பட்ட ஆண்களும் பெண்களும் கடற்கரைக்கு நடத்திவரப்பட்டனர். ‘பசி நாடு’ என்று அழைக்கப்பட்ட வறண்ட நிலத்தினூடாகச் சென்ற அந்தப் பாதையின் மரங்களில், கைதிகளைப் பிணைத்த மரத்தளைகள் தொங்குவதை நெவின்சன் கண்டார். துறைமுகத்தில் ஓர் அதிகாரியின் முன் அவர்கள் நிறுத்தப்பட்டார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் எழுதப்பட்டது. அடையாளத் தகடு கழுத்தில் மாட்டப்பட்டது. அந்தக் கணத்திலிருந்து அவர்கள் அடிமைகளல்லர், ‘ஒப்பந்தத் தொழிலாளர்’. ஐந்தாண்டு முடிந்து சாவோ தொமேயிலிருந்து ஊர் திரும்பியவரைத் தேடிப்பிடிப்பதோ அரிதாயிருந்தது. நெவின்சனின் கட்டுரைகள் 1906இல் நூலாக வெளிவந்தன. நவீன அடிமைமுறை என்பதே அதன் தலைப்பு.

கட்பரி நிறுவனம் சும்மா இருந்துவிடவில்லை. 1905இல் ஜோசப் பேர்ட் என்பவரைத் தன் சார்பில் அனுப்பியது. அவர் திரும்பி வந்தது 1907இல். அவரும் ஏறத்தாழ அதே முடிவுக்கே வந்தார். பின்னர் வெளிநாட்டு அலுவலகத்தோடு கடிதப் போக்குவரத்து, லிஸ்பனுக்குப் பயணம், சீர்திருத்த வாக்குறுதிகள். 1909 மார்ச்சில்தான் சாவோ தொமே கொக்கோவை இனி வாங்குவதில்லை என்று அறிவித்தார்கள். அறிவித்தல் கண்ணிற்பட்டதிலிருந்து கொள்முதல் நிற்பதுவரை எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

இதற்கிடையே 1908 செப்டெம்பரில் இலண்டன் ‘ஸ்ரான்டேட்’ பத்திரிகை ஒரு தலையங்கம் எழுதியது. கட்பரியின் கருணை, போர்ன்வில் தோட்டத்து எல்லையோடு நின்றுவிடுகிறதா என்பது அதன் சாரம். அந்தப் பத்திரிகையின் நோக்கமும் தூயதன்று. ஜோர்ஜ் கட்பரி 1901 முதல் ‘டெய்லி நியூஸ்’ என்ற தாராளவாதப் பத்திரிகையின் உடைமையாளர். தென்னாபிரிக்கச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் அடிமைகள்போல் நடத்தப்படுவதாக அது பழமைவாதிகளைத் தாக்கிவந்தது. அந்தக் கணக்கைத் தீர்க்கவே பழமைவாதிகளின் ஸ்ரான்டேட் இந்தக் கணக்கைத் திறந்தது. எனினும் கெட்ட நோக்கத்தோடு கேட்கப்பட்டது என்பதற்காக ஒரு கேள்வி பொய்யாகிவிடுவதில்லை. நாற்பது ஆண்டு கால ஆசிரியபீட அனுபவத்தில் நான் பலமுறை கண்ட உண்மை இது.

கட்பரி மானநட்ட வழக்குத் தொடுத்தது. 1909இன் இறுதியில் பேர்மிங்ஹாமில் விசாரணை நடந்தது. கட்பரிக்காக றூபஸ் ஐசக்ஸ். பத்திரிகைக்காக எட்வேட் கார்சன். உங்கள் கொக்கோவை விளைவிப்பதில் எத்தனை பேர் உயிரிழந்தார்கள் என்று எப்போதாவது கணக்கிட்டதுண்டா என்று கார்சன் வினவ, இல்லை என்பதே வில்லியம் கட்பரியின் விடையாயிற்று. ஜூரிமார் கட்பரியின் பக்கமே தீர்ப்பளித்தனர். நட்டஈடாக அவர்கள் விதித்த தொகை ஒரு பார்திங். அதாவது ஒரு பென்னியின் நான்கில் ஒன்று. ஆங்கில நாட்டின் மிகச் சிறிய நாணயமொன்றால் ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லிவிட்டார்கள்: நீங்கள் பொய்யரல்லர், ஆனால் உங்கள் மானத்துக்கு நேர்ந்த நட்டம் இவ்வளவுதான்.

சொக்லட்டும் பத்திரிகையும் ஒரே உடைமையாளரின் கையில் இருந்த காட்சி நம் நாட்டுக்கும் புதிதன்று. ‘கண்டோஸ்’ சொக்லட்டின் உடைமையாளராயிருந்த உபாலி விஜேவர்தனதான் 1981இல் ‘த ஐலண்ட்’, ‘திவயின’ பத்திரிகைகளைத் தொடங்கினார். 1983 பெப்ரவரியில் கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட அவரது சிறு ஜெற் விமானம் மறைந்துபோனதை என் தலைமுறைப் பத்திரிகையாளர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். கொக்கோவும் இங்கே அந்நியமன்று. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது, மாற்றுப் பயிர் தேடிய துரைமார் மாத்தளை, தும்பறைப் பகுதிகளில் கொக்கோவையும் நட்டனர். தேயிலை வென்றது, கொக்கோ ஓரமாக நின்றுகொண்டது. 2022 ஓகஸ்டில், அந்நியச் செலாவணி வற்றிய நிலையில், அரசாங்கம் 305 வகைப் பொருட்களின் இறக்குமதியை இடைநிறுத்தியது. அப்பட்டியலில் சொக்லட்டும் இருந்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. சிறிய ஆறுதல்களே முதலில் ஆடம்பரம் என்ற பெயரைப் பெறுகின்றன.

சாவோ தொமேயைக் கைவிட்ட கட்பரி, கொக்கோ தேடிச் சென்றது பிரித்தானியரின் கோல்ட் கோஸ்ற்றுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு. அங்கே தோட்டத் துரைமார் இல்லை; சிறு விவசாயிகள் தம் சொந்த நிலத்தில் பயிரிட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று அன்று நினைத்திருப்பார்கள். இன்று உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரிகோஸ்ற்றிலும் கானாவிலும் விளைகிறது. அங்கே சிறுவர்களை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்துவதை ஒழிப்பதாகப் பெரும் சொக்லட் நிறுவனங்கள் 2001இல் ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டன. 2005 என்று காலக்கெடு வைத்தார்கள்; அது கடந்தது, பின்னர் தள்ளிப்போடப்பட்டது. 2020இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வு நிறுவனமொன்று வெளியிட்ட அறிக்கை, அவ்விரு நாடுகளின் கொக்கோப் பகுதிகளில் சுமார் 15.6 இலட்சம் சிறுவர் கொக்கோ வேலையில் ஈடுபட்டிருந்ததாக மதிப்பிட்டது. 2024இல் கொக்கோ விலை வரலாற்றில் முதற்தடவையாகத் தொன்னுக்கு 10,000 டொலரைத் தாண்டியபோது, முன்கூட்டியே நிர்ணயித்த விலைக்கு விற்றுவிட்ட விவசாயிகள் பலருக்கு அதன் பயன் கிட்டவில்லை.

இதை வாசித்தபின் சொக்லட் தின்னக்கூடாது என்று எவருக்கும் நான் உபதேசிக்கப் போவதில்லை. தின்பவர் நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பவன் அந்த விவசாயியே. மனிதனுக்குச் சிறிய ஆறுதல்கள் வேண்டும். அவற்றைப் பெறுவதில் வெட்கமில்லை. ஆனால் உறையின் பின்புறத்தில் கொக்கோ எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த விபரம் இல்லாத உறைகளே அதிகம். நெவின்சன் அந்த விபரத்துக்காகத்தான் பல நூறு மைல் போனார். பேர்மிங்ஹாம் ஜூரிமார் பன்னிருவரும் ஒரு பார்திங் விதித்ததன் மூலம், அறிந்த பின்னும் எட்டு ஆண்டுகள் காத்திருந்ததற்கு ஒரு விலை உண்டு என்றார்கள். 2001இல் இடப்பட்ட ஒப்பத்துக்கோ இன்னும் எந்த ஜூரியும் விலை சொல்லவில்லை.